நாலு கவுன்டர், நாலு சாவி

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் குறை சொல்லக் கூடாது. பெயர் அல்போன்சம்மாள். வயது நாற்பத்தேழு. வீடு சிங்கப்பூரில், புக்கிட் பாஞ்சாங்கில். துவாஸில் ஒரு கிடங்கில் பத்தொன்பது வருடம் வேலை பார்த்தேன். எந்த லாரி எந்தக் கதவுக்கு வர வேண்டும், எந்தச் சரக்கு எதில் ஏற வேண்டும் என்று சொல்கிற வேலை. ஒரு கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் மேலாளர் என்னைக் கூப்பிட்டு, இனிமேல் அதையெல்லாம் மென்பொருளே பார்த்துக்கொள்ளும் என்றார். ஒரு கேக்கும் ஒரு கடிதமும் கொடுத்தார். கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தேன். கேக்கை அவரே சாப்பிட்டிருப்பார்.

எட்டு மாதம் வீட்டில் இருந்தேன். சும்மா இருப்பது எவ்வளவு பெரிய தண்டனை என்று சும்மா இருந்தவர்களுக்குத்தான் தெரியும். காலையில் எல்லோரும் கிளம்பிப் போன பிறகு வீட்டில் கடிகாரச் சத்தம் மட்டும் கேட்கும். அப்போதுதான் ஜூரோங்கில் ஒரு சின்ன நிறுவனத்தின் விளம்பரம் கண்ணில் பட்டது. கிடங்குகளுக்கு மென்பொருள் எழுதுகிறவர்கள். கிடங்கு வேலை தெரிந்த ஆள் வேண்டும், ஆனால் ஜாவா என்கிற கணினி மொழி படித்திருக்க வேண்டும் என்று போட்டிருந்தார்கள். என் வேலையை மென்பொருள்தான் செய்யும் என்றால் அந்த மென்பொருளை நான் எழுதிவிட்டுப் போகிறேன் என்று ஒற்றைக்காலில் நின்று ஜாவா வகுப்பில் சேர்ந்தேன்.

ஆறு மாதப் பயிற்சி. சிராங்கூன் சாலையில் ஒரு நகைக்கடைக்கு மேலே மூன்றாவது மாடி. எல்லாப் பாடமும் தட்டுத்தடுமாறித் தேறிவிட்டேன். கடைசியாக ஒன்றே ஒன்று பாக்கி இருந்தது, மல்ட்டித்ரெடிங். அதில் தேறினால் திங்கட்கிழமை ஜூரோங்கில் வேலை. தேறாவிட்டால் அந்த இடம் வரிசையில் அடுத்து நிற்கிறவருக்கு. அந்த நிறுவனத்துப் பெண்மணி போனில் இதை ரொம்ப மரியாதையாகத்தான் சொன்னார்.

பாடம் எடுத்தவன் ரித்திக். இருபத்தேழு வயது. வாத்தியார் என்றாலும் எனக்கு வாயில் அவன் என்றுதான் வருகிறது. முதல் நாள் என்னை 'ஆண்ட்டி' என்றான். நான் திரும்பிப் பார்த்த பார்வையில் மறுநாளே 'அக்கா' ஆகிவிட்டேன்.

அவன் சொன்னது இவ்வளவுதான். ஒரு ப்ரோக்ராமுக்குள் ஒரே ஆள் எல்லா வேலையையும் ஒவ்வொன்றாகச் செய்யலாம். அல்லது பல ஆட்கள் ஒரே நேரத்தில் செய்யலாம். அந்த ஒவ்வொரு ஆளுக்கும் பெயர் த்ரெட். பயிற்சிக்கு ஒரு கணக்கு கொடுத்தான். ஒரு அரங்கம், நூறு இருக்கை. நாலு கவுன்டர் ஒரே நேரத்தில் டிக்கெட் விற்க வேண்டும். ஒவ்வொரு கவுன்டரும் ஒரு த்ரெட். கடைசியில் சரியாக நூறு டிக்கெட் போயிருக்க வேண்டும். ஒன்று கூடவும் கூடாது, குறையவும் கூடாது.

எல்லோருடைய திரையிலும் எண்கள் கன்னாபின்னாவென்று வந்தன. மூன்றாவது கவுன்டர், முதல் கவுன்டர், மறுபடி மூன்றாவது என்று ஒரே கூச்சல். கடைசியில் நூற்றி இரண்டு, நூற்றி மூன்று. என்னுடையது மட்டும் ஒன்றிலிருந்து நூறு வரை பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வரிசையாக நின்றது. கையைக் கட்டிக்கொண்டு ரித்திக்கைக் கூப்பிட்டேன்.

"பாத்துக்க தம்பி. நூறு. கரெக்ட்டா நூறு."

அவன் குனிந்து பார்த்தான். "அக்கா, நூறையும் முதல் கவுன்டரே வித்திருக்கு. மத்த மூணும் என்ன பண்ணுச்சு?"

"சும்மா இருந்துச்சு. அதுக்கென்ன இப்ப?"

பக்கத்து இருக்கை ருக்ஸானாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவள் விமான நிலையத்தில் வேலை பார்த்தவள், உட்லண்ட்ஸிலிருந்து வருகிறவள், வாய் நீளம். "அக்கா, ஸ்டார்ட்னு போடறதுக்குப் பதிலா ரன்னு போட்டிருக்கீங்க. ஸ்டார்ட்னு போட்டாத்தான் புதுசா ஒரு ஆளு போய் வேலை செய்வான். ரன்னு போட்டா, 'தள்ளு, நானே செஞ்சுக்கறேன்'னு அர்த்தம்லா."

காதில் புகை வந்தது எனக்கு. அன்று மாலை வீட்டுக்காரரிடம் சொன்னேன். என் வீட்டுக்காரர் மரியஅந்தோணி பஸ் கேப்டன், அதாவது ஓட்டுநர். காலை ஷிப்ட் முடித்துவிட்டுக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். ஆறுதல் சொல்வார் என்று பார்த்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். "நம்ம வீட்டு அடுப்படியிலயும் அதே கதைதானே அல்போன்சு. இருபது வருஷமா ஒரு கவுன்டர்தான் ஓடுது." சிரித்துவிட்டு எழுந்து போய் அவரே தேநீர் போட்டார். சர்க்கரை கூடிப்போயிருந்தது. இருந்தாலும் முழுசாகக் குடித்தேன்.

மறுநாள் ஸ்டார்ட் என்று எழுதினேன். எனக்கும் நூற்றி மூன்று வந்தது.

ஏன் என்று ரித்திக் பலகையில் படம் போட்டுக் காட்டினான். கடைசியாக ஒரு இருக்கை இருக்கிறது. முதல் கவுன்டர் பார்க்கிறது, ஒன்று இருக்கிறது. அது விற்பதற்குள் மூன்றாவது கவுன்டரும் எட்டிப் பார்க்கிறது, ஒன்று இருக்கிறது. இரண்டும் விற்றுவிடுகின்றன. பார்ப்பதற்கும் விற்பதற்கும் நடுவில் இருக்கிற கண்ணிமைக்கிற நேரம்தான் எமன். அதற்குத்தான் பூட்டு. சாவியைக் கையில் வைத்திருக்கிறவர் மட்டும் உள்ளே போய்ப் பார்க்கலாம், விற்கலாம், பிறகு சாவியை வைத்துவிட்டு வர வேண்டும். அதுவரை மற்றவர்கள் வெளியே நிற்க வேண்டும். ஜாவாவில் அதற்கு சிங்க்ரனைஸ்ட் என்று ஒரு சொல்.

எனக்குச் சிரிப்பு வந்தது. பூட்டைப் பற்றி எனக்கா பாடம்? கிடங்கில் எனக்குக் கீழே நாலு எழுத்தர்கள் இருந்தார்கள். முன்பெல்லாம் ஒருத்தர் மேசை இழுப்பறையில் இன்னொருத்தர் கை விட்டு, லாரி நுழைவுச் சீட்டு காணாமல் போய், தினமும் சண்டை. நான்தான் சட்டம் போட்டேன். அவரவர் மேசை இழுப்பறைக்கு அவரவர் பூட்டு, அவரவர் சாவி அவரவர் கழுத்தில். அதற்குப் பிறகு ஒரு சீட்டு தொலைந்ததில்லை. அந்தப் பெருமையோடு உட்கார்ந்து எழுதினேன். நாலு கவுன்டருக்கும் ஆளுக்கொரு பூட்டு செய்து கொடுத்தேன். சிங்க்ரனைஸ்ட் என்று போட்டேன். ஓட்டினேன். நூறு. மறுபடி ஓட்டினேன். நூறு. பத்துத் தடவை ஓட்டினேன், பத்துத் தடவையும் நூறு.

புதன்கிழமை தேர்வு. தேர்வுக் கணினி நம் ப்ரோக்ராமை ஆயிரம் தடவை ஓட்டிப் பார்க்கும். ஒரு தடவை தப்பானாலும் தோல்வி. என்னுடையது பதினோரு தடவை தப்பானது. நூற்றி ஒன்று, நூற்றி ஒன்று, நூற்றி இரண்டு என்று சிவப்பு எழுத்தில் வந்துகொண்டே இருந்தது.

"அதெப்படி? என் லேப்டாப்ல கரெக்ட்டா வருதே தம்பி!"

"உங்க லேப்டாப்பையாக்கா கஸ்டமருக்கு அனுப்பப் போறோம்?" என்றான் ரித்திக். நல்ல பிள்ளைதான், நக்கலாகச் சொல்லவில்லை. என் திரையைப் பார்த்தான், உதட்டைக் கடித்துக்கொண்டான். "தேர்வு நடக்கறப்ப நான் எதுவும் சொல்லக் கூடாதுக்கா. இன்னொரு வாய்ப்பு இருக்கு. வெள்ளிக்கெழமை ரெண்டரைக்கு. அதான் கடைசி."

ருக்ஸானா முதல் தடவையிலேயே தேறிவிட்டாள். அவளைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. பொறாமைதான், வேறென்ன.

அன்று வீட்டுக்குப் போனதும் இவர் கேட்டார், "இன்னிக்கு எத்தனை டிக்கெட்டு?"

"நூத்தி ரெண்டு."

"ரெண்டு பேரு நின்னுக்கிட்டு வரட்டும், விடு."

"இது உங்க பஸ் இல்ல!" என்று கத்திவிட்டேன். பாவம், நல்லெண்ணத்தில் சொன்னவர். சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். நான் லேப்டாப்பைத் திறந்துவைத்து வரி வரியாகப் படித்தேன். பூட்டு இருக்கிறது. பூட்டுக்குள்ளேதான் பார்க்கிறேன், பூட்டுக்குள்ளேதான் விற்கிறேன். எல்லாம் இருக்கிறது. பிறகு எந்தச் சந்து வழியாக அந்த நூற்றி ஒன்றாவது ஆள் உள்ளே வருகிறான்?

வியாழக்கிழமை முழுக்க இதே பாடு. டவுன்டவுன் ரயிலில் போகும்போதும் மடியில் லேப்டாப். விற்பதற்கு முன் கொஞ்சம் நில் என்று எழுதிப் பார்த்தேன், நிலைமை இன்னும் மோசமாகி நூற்றி மூன்று வந்தது. பூட்டை எடுத்துவிட்டு ஓட்டினேன், பூட்டு இருந்தபோது வந்த அதே நூற்றி மூன்று. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. தலைக்குள் அவ்வளவு இரைச்சல்.

சாயங்காலம் ருக்ஸானா படிக்கட்டில் மடக்கினாள். "அக்கா, கோவப்படாதீங்க. என்னோட ப்ரோக்ராமை வாட்ஸ்அப்ல அனுப்பவா? பேரை மட்டும் மாத்திக்கோங்க. யாருக்கும் தெரியாது."

ஒரு நிமிடம் ஆசையாகத்தான் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன். போனில் ஒரே ஒரு தட்டு தட்டினால் திங்கட்கிழமை வேலை. கையில் இருந்த போனை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"வேணாம்மா. தேறிட்டு அங்க போய் உக்காந்தப்புறம் யாரு அனுப்புவா? அங்கயும் நூத்தி ஒண்ணு வந்தா உன்னைத்தான் கூப்பிடணுமா?"

"சரி, நாளைக்குச் சாப்பாடாவது என்னோட சாப்பிடுங்க. ரெண்டு நாளா நீங்க சாப்பிட்டு நான் பாக்கல."

வெள்ளிக்கிழமை பன்னிரண்டரைக்குத் தேக்கா உணவங்காடிக்குப் போனோம். அந்த நேரத்தில் அங்கே இடம் கிடைப்பதற்குப் பூர்வஜென்மப் புண்ணியம் வேண்டும். தூணுக்கு அந்தப் பக்கம் ஒரு வட்ட மேசை காலியாக, சுற்றி நாலு இருக்கை. கண்ணில் பட்டதும் பாய்ந்தேன். கைப்பையிலிருந்து டிஷ்யூ பொட்டலத்தை எடுத்து ஒரு இருக்கையில் வைத்தேன். சிங்கப்பூரில் வளர்ந்த எவருக்கும் அதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. டிஷ்யூ இருந்தால் ஆள் இருக்கிறது. இப்படி இடம் பிடிப்பதை இங்கே 'சோப்' பண்ணுவது என்பார்கள். போய் வரிசையில் நின்று தோசை வாங்கினோம்.

திரும்பி வந்து பார்த்தால் எங்கள் மேசையில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருக்கிறார். கூட அவர் மகளும் பேத்தியும், மூன்று தட்டு பிரியாணியோடு.

"அங்கிள், இது எங்க டேபிள். சோப் பண்ணிட்டுத்தான் போனேன்."

"என்னம்மா சொல்ற? நான்லா சோப் பண்ணேன்!"

"இதோ பாருங்க, டிஷ்யூ!" என்று இருக்கையைக் காட்டினேன். என் பொட்டலம் அங்கேதான் இருந்தது.

"இதோ பாரு, குடை!" என்று அவர் மேசை விளிம்பைக் காட்டினார். அவர் பக்கம் ஒரு கருப்புக் குடை தொங்கிக்கொண்டிருந்தது. "நான் வெச்சப்ப டேபிள் காலிதான். நல்லாப் பாத்துட்டுத்தான் வெச்சேன்."

"நானும் பாத்துட்டுத்தான் வெச்சேன்!"

"நீ டிஷ்யூ வெச்சா எனக்கு எப்படித் தெரியும்? ஸ்டூல்ல கெடக்கறதை யாரு குனிஞ்சு பாப்பா?"

"உங்க குடை அந்தப் பக்கம் தொங்குனா எனக்கு மட்டும் ஞானதிருஷ்டியா?"

குரல் உயர்ந்துவிட்டது. பக்கத்து மேசைக்காரர்கள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ருக்ஸானா என் கையைப் பிடித்து இழுத்தாள். "விடுங்கக்கா, சேர்ந்தே உக்காந்துக்கலாம்." பிறகு தலைகளை எண்ணினாள். "ஐயோ, அதுவும் முடியாது. நாலு சீட்டு, அஞ்சு பேரு."

பொட்டில் அறைந்த மாதிரி இருந்தது.

நாலு சீட்டு, அஞ்சு பேர். நூறு சீட்டு, நூற்றி ஒரு பேர். நான் டிஷ்யூவைப் பார்த்தேன், குடையைப் பார்த்தேன். நானும் பூட்டினேன். அவரும் பூட்டினார். நான் பொய் சொல்லவில்லை, அவரும் பொய் சொல்லவில்லை. ஆனால் என் டிஷ்யூ என்னைத்தான் கட்டிப்போடும், குடைக்காரரை அது என்ன செய்யும்? அவர் பூட்டு வேறு, என் பூட்டு வேறு. நாலு கவுன்டருக்கு நாலு பூட்டு. ஆளுக்கொரு சாவி. ஒவ்வொருத்தரும் தன் சாவியால் தன் பூட்டைத் திறந்துகொண்டு ஜம்மென்று உள்ளே போகிறார்கள், ஒருத்தரும் ஒருத்தருக்காகவும் காத்திருக்கவில்லை! கிடங்கில் மேசை இழுப்பறைகள் நாலு, அதனால் சாவி நாலு. இங்கே அரங்கம் ஒன்றுதானே! அடிப்பாவி அல்போன்சா, ஒரு அரங்கத்துக்கு எதற்கடி நாலு சாவி?

"உக்காருங்க அங்கிள், உக்காருங்க. டேபிள் உங்களுது," என்றேன்.

சண்டைக்குத் தயாராக இருந்த மனிதர் மிரண்டுபோனார். "நீ எங்கம்மா போற? சாப்பிடலயா?"

"அப்புறம் சாப்பிட்டுக்கறேன். ரொம்பத் தேங்க்ஸ் அங்கிள்!"

"எதுக்கும்மா தேங்க்ஸு?" என்று அவர் கேட்டது பின்னால் கேட்டது. நான் டிஷ்யூவை எடுத்துக்கொண்டு தோசையைப் பொட்டலம் கட்டி வாங்கிக்கொண்டு ஏறக்குறைய ஓடினேன். ருக்ஸானா பின்னாலேயே, "அக்கா, ரோடு, ரோடு பாருங்க!" என்று கத்திக்கொண்டு வந்தாள்.

மூன்றாவது மாடியில் வகுப்புக் கதவு பூட்டியிருந்தது. படிக்கட்டிலேயே உட்கார்ந்து மடியில் வைத்து மாற்றினேன். நாலு பூட்டையும் அழித்தேன். வெளியே ஒரே ஒரு பூட்டு செய்து, அதையே நாலு கவுன்டருக்கும் கொடுத்தேன். மொத்தம் ஆறு வரி. ஆறு வரிக்காக மூன்று நாள் என் வீட்டுக்காரர் என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார்.

ரெண்டரைக்குத் தேர்வுக் கணினி ஓடத் தொடங்கியது. ரித்திக் என் பின்னால் நின்றான். திரையில் எண் ஏறிக்கொண்டே போனது. ஐம்பது, நூறு, இருநூறு. கைகளைக் கோத்து மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். புதன்கிழமையன்று முதல் சிவப்பு நூற்றி நாற்பதில் வந்தது. இந்த முறை நூற்றி நாற்பது தாண்டியது. ஐந்நூறு. எனக்குத் தெரிந்த எல்லாப் புனிதர்களையும் கூப்பிட்டேன். எண்ணூறு. வராதே, வராதே, சிவப்பு வராதே. தொள்ளாயிரத்துத் தொண்ணூறில் கண்ணை மூடிக்கொண்டேன்.

"அக்கா," என்றான் ரித்திக். "கண்ணைத் தொறங்க."

ஆயிரம். எல்லாம் பச்சை.

"இன்னும் முடியலக்கா," என்று நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தான். "ப்ரோக்ராம் ஓடுனா மட்டும் பத்தாது. புதன்கெழமை ஏன் தப்பாச்சுன்னு நீங்க சொல்லணும். யாராச்சும் எழுதிக் குடுத்தாங்களான்னு நான் தெரிஞ்சுக்கணும், அதான் ரூல்."

ருக்ஸானா பின் வரிசையில் தலையைக் குனிந்துகொண்டாள்.

நான் கைப்பையைத் திறந்து டிஷ்யூ பொட்டலத்தை எடுத்து மேசையின் ஒரு ஓரத்தில் வைத்தேன். அவன் பேனாவை வாங்கி மறு ஓரத்தில் வைத்தேன். "இது என் பூட்டு, அது உன் பூட்டு. நான் என்னுதைப் பூட்டிட்டு உள்ள இருக்கேன். நீ உன்னுதைப் பூட்டிட்டு உள்ள வர்ற. ரெண்டு பேருமே கரெக்ட்டாத்தான் பூட்டினோம். ஆனா உள்ள ரெண்டு பேரு." பேனாவை அவனிடமே திருப்பிக் கொடுத்தேன். டிஷ்யூவை மேசை நடுவில் நகர்த்தினேன். "இப்ப ஒண்ணுதான். இது என் கையில இருந்தா நீ வெளிய நிக்கணும். உன் கையில இருந்தா நான் நிக்கணும். கோவம் வந்தாலும் நிக்கணும்."

ரித்திக் டிஷ்யூவையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சிரித்தான். "ரன்னு எழுதினா என்ன ஆகும்க்கா?"

"அடி வாங்குவ."

அவன் தேர்ச்சித் தாளில் கையெழுத்துப் போட்டான்.

படிக்கட்டுக்கு வந்து வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். அவருக்கு அப்போது இடைவேளை. பஸ் முனையத்தின் இரைச்சல் பின்னால் கேட்டது. ஹலோ கூடச் சொல்லவில்லை. "எத்தனை டிக்கெட்டு?" என்றார்.

"நூறு."

"நூறுதானா?"

"நூறுதாங்க. ஆயிரம் தடவையும் நூறு."

அந்தப் பக்கம் ஒரு பஸ் கிளம்பிப் போகிற ஓசை கேட்டது. அவர் மூக்கை உறிஞ்சினார். பிறகு, தினமும் எவரெவரையோ வேலைக்குக் கொண்டுபோய் விடுகிற மனிதர், என்னிடம் கேட்டார்.

"அப்ப திங்கக்கெழமை உனக்கு எத்தனை மணி பஸ்ஸு?"

நான் சிராங்கூன் சாலைப் படிக்கட்டில் உட்கார்ந்து அந்த ஒற்றை டிஷ்யூ பொட்டலம் தீரும்வரை அழுதேன்.